கடைசிப் பக்கத்து நீச்சல்காரன்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'கடைசிப் பக்கம்'. வைத்தவர் துணை இயக்குநர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எந்த மாவட்டம் என்று கேட்டார். சொன்னாள். "ஓ, அங்கயா? ரயில் அந்தப் பக்கம் வந்தா நான் தூங்கிடுவேன்மா, பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது," என்றார். சுற்றியிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அப்படிச் சிரித்ததற்காக அன்று சாயங்காலம் வரை தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

அது சுற்றுலாத் துறையின் வெளியீட்டுப் பிரிவு. மாநிலத்தில் ஒன்பது மாவட்டங்கள், ஒன்பதும் கடலைத் தொட்டுக்கொண்டு கிடப்பவை. பள்ளி விடுமுறை தொடங்குவதற்குள் ஒன்பதுக்கும் சேர்த்து ஒரு வழிகாட்டிப் புத்தகம் கொண்டுவர வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. எட்டு மாவட்டங்களுக்கு ஆளுக்கு நாலு பக்கம். ஒன்பதாவதான அவள் மாவட்டத்துக்குக் கடைசியில் அரைப் பக்கம். மீதி அரைப் பக்கத்தில் அவசரத் தொலைபேசி எண்கள். பழைய கோப்பில் அவள் ஊருக்கு நேராக 'குறிப்பிடத்தக்கவை: இல்லை' என்று எழுதியிருந்தது. எழுதிய மகராசன் யாரோ, அடியில் கோடு வேறு போட்டிருந்தான்.

மற்ற எட்டையும் அவள் குறை வைக்காமல் எழுதினாள். போய்ப் பார்க்க வண்டி கேட்டால் தரமாட்டார்கள். அதனால் போனிலேயே ஊர் சுற்றினாள். பஸ் கண்டக்டர், தபால்காரர், பள்ளி வாத்தியார் என்று யார் எண் கிடைத்தாலும் விடவில்லை. துறைமுக மாவட்டத்தில் கப்பல் சங்கு ஊதினால் பிள்ளைகள் பாடத்தை நிறுத்திவிட்டு எந்த நாட்டுக் கப்பல் என்று பந்தயம் கட்டுவார்கள். உப்பள மாவட்டத்தில் வெள்ளைப் பாத்திகள் கண்ணைக் குத்தும். அங்கே எல்லாரும் கண்ணைச் சுருக்கியே பேசிப் பழகியதால் போட்டோவில் ஊரே கோபமாகத் தெரியும். கலங்கரை விளக்கத்து மாவட்டத்தில் காற்றுக்குப் பயந்து வீடுகளெல்லாம் குட்டையாகக் கட்டியிருப்பார்கள். விளக்கு மட்டும் திமிராக நிற்கும். கால்வாய் மாவட்டத்தில் தபால்காரர் படகில்தான் வருவார், நாய்களும் அவரைத் துரத்த நீந்தித்தான் ஆகவேண்டும். மணல்குன்று மாவட்டத்தில் போன வருஷம் போட்டோ எடுத்த குன்றை இந்த வருஷம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எட்டாவது மாவட்டத்தில் அமைதியான வளைகுடா; அரை மைல் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது, குழந்தைகளைக் கண்ணை மூடிக்கொண்டு விடலாம்.

இத்தனைக்கும் எழுதியவளுக்குத் தன் ஊருக்கு மட்டும் அரைப் பக்கம் என்றால் எப்படிப் பொறுக்கும்? மூன்று வாரம் துணை இயக்குநரின் மேசை முன்னால் நின்றாள். ஆறு கடலில் விழும் முகத்துவாரம் இருக்கிறது, நடுவில் மணல் திட்டு இருக்கிறது, சாயங்காலத்தில் திட்டின் ஒரு பக்கம் தண்ணீர் பச்சையாகவும் மறுபக்கம் செம்மண் நிறமாகவும் தெரியும், படகில்தான் போக முடியும், அந்தப் படகை ஓட்டுவது என் அப்பா. கடைசி விஷயத்தை மட்டும் அவள் சொல்லவில்லை.

ஒரு நாள் அவர் அலுத்துப்போய், "சரிம்மா, எடுத்துக்கோ முழுப் பக்கம். போன் நம்பரை அட்டைக்குத் தள்ளிடலாம்," என்றார். பிறகு அவள் எழுதியதைப் படித்தார். படித்துக்கொண்டே ஒரு வரியைப் பேனாவால் அடித்தார். 'திட்டைச் சுற்றி அடியில் இழுப்பு உண்டு. தண்ணீரில் இறங்கவே கூடாது' என்ற வரி.

"சார், அது முக்கியம்."

"சுற்றுலா புக்கும்மா இது. வான்னு கூப்பிட்டுட்டு வாசல்ல நாய் ஜாக்கிரதைன்னு போர்டு வெப்பியா? அந்த வரி வேணும்னா பழைய அரைப் பக்கமே இருக்கட்டும்."

வரியா, பக்கமா? அவள் பக்கத்தை எடுத்துக்கொண்டாள். அங்கே போர்டு இருக்கும், அப்பா இருக்கிறார், வருகிறவர்களுக்குச் சொல்லமாட்டாரா என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். போர்டு போன மழையிலேயே சாய்ந்துவிட்டது என்பது அவளுக்கே தெரியும்.

புத்தகத்தில் அவளுடையதாக இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரிசைக் குட்டிப் படங்கள். படகு போட்டிருந்தால் படகுச் சவாரி உண்டு, கேமரா போட்டிருந்தால் படம் எடுக்கலாம், கரண்டி போட்டிருந்தால் சாப்பாடு கிடைக்கும், கை வீசும் மனிதன் போட்டிருந்தால் நீந்தலாம். "படிக்கத் தெரியாதவங்களும் ஊர் சுத்துவாங்க சார்," என்று கூட்டத்தில் சொன்னாள். யாரை நினைத்துச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. மறு கூட்டத்தில் துணை இயக்குநர் அதையே தன் யோசனையாகச் சொன்னபோது எல்லாரும் பலே என்றார்கள்.

புரூஃபை ஐந்து முறை படித்தார்கள். கடைசிப் படியில் 'அச்சிடலாம்' என்று கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் துணை இயக்குநருக்கு எப்போதும் போல முதுகு வலி வந்துவிட்டது. "வேலை செஞ்சவங்க போடறதுதாம்மா நியாயம்," என்றார் பெருந்தன்மையாக. அவள் போட்டாள். அம்மா ஆயுசு முழுக்கக் கட்டைவிரலை மையில் அமுக்கியவள். மகளோ கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுத்து, வாலுக்கு அடியில் இரண்டு புள்ளி வைத்துப் போட்டாள். அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

*

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு முதல் பிரதி வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு வெளியீட்டு விழா. ஆறாயிரம் பிரதிகளையும் மாவட்ட பஸ் நிலையங்களுக்குக் கொண்டுபோக வியாழன் மாலையே ஐந்து மணிக்கு லாரி. சனிக்கிழமை பள்ளிகளுக்கு விடுமுறை.

கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பினாள். அப்பா படகில் இருப்பார், போன் வீட்டில்தான் கிடக்கும் என்று தெரியும். அம்மா பார்க்கட்டும் என்றுதான் அனுப்பினாள். அம்மா ஊர் பஸ் நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிற வேலை. மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவாள்.

ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"எப்படி இருக்கும்மா? நம்ம ஊர்! முழுப் பக்கம்!"

"ஷோக்கா இருக்குடி. திட்டு என்னமா தெரியுது. உங்கப்பன் படகுகூட ஓரத்துல தெரியுது பாரு." பிறகு கேட்டாள்: "ஏண்டி, கீழ ஒரு ஆள் நீந்துறானே, அவன் எதுக்கு அங்க?"

"எந்த ஆள்?"

"படகு, அப்புறம் கேமரா, அப்புறம் கையை வீசிக்கிட்டு ஒருத்தன். நீந்தலாம்னா அந்தப் படம்னு நீதானடி சொல்லிக்குடுத்தே? நம்ம திட்டுல நீந்தலாம்னு யாருடி சொன்னா?"

அவள் பிரதியை இழுத்துப் பார்த்தாள். இருந்தான். பொட்டு அளவில், நீல வட்டத்துக்குள், சந்தோஷமாக, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு.

டிசைனரின் அறைக்கு ஓடினாள். அவன் பக்கம் வடிவமைக்கிற லட்சணம் ஆபீஸுக்கே தெரியும்: முந்தின மாவட்டத்தின் பக்கத்தை அப்படியே நகல் எடுத்து, எழுத்தையும் படத்தையும் மாற்றிவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுவான். எட்டாவது மாவட்டத்து வளைகுடாவிலிருந்து நீச்சல்காரன் நேராக முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்திருந்தான்.

"ஐயையோ," என்றான் டிசைனர். "அஞ்சு தடவை படிச்சீங்களே, யாருமே பாக்கலையா?"

அதுதான். ஐந்து முறை *படித்தார்கள்*. படித்தவர்கள் எல்லாரும் எழுத்தைத்தான் பார்த்தார்கள். படத்தைப் பார்க்க எழுத்துத் தெரியாத ஒருத்தி வேண்டியிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால், அவள் கல்லூரியில் சேர்ந்த வருஷம், வெளியூர்க்காரர்கள் மூன்று பேர் திட்டிலிருந்து இறங்கினார்கள். முழங்கால் ஆழம்தான். அடுத்த அடியில் தரை இல்லை. அப்பாதான் மூன்று பேரையும் தேடிக் கொண்டுவந்தார், இரண்டு நாள் ஆனது. அந்த வாரம் முழுக்க அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், வாயில் வைக்கமாட்டார். இப்போது அந்த இடத்துக்கு வாங்க, நீந்துங்க என்று ஆறாயிரம் அழைப்பிதழ் அடித்து வைத்திருக்கிறாள். அதற்கு வால் இழுத்த கையெழுத்து வேறு.

*

துணை இயக்குநர் விழாவுக்குப் போட வேண்டிய நாற்காலிகளின் வரிசையைப் பற்றி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள். பேசி முடிக்க ஏழு நிமிஷம் எடுத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து.

"இதுவா? பொட்டு மாதிரி இருக்கு. நூத்துல ஒருத்தன் பாப்பானா?"

"எங்கம்மா பாத்தாங்க சார். அஞ்சே நிமிஷத்துல."

"உங்கம்மா படிச்சவங்களா?"

"இல்ல சார். அதனாலதான் பாத்தாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரு. நாளைக்கு விழா. சிறப்பு விருந்தினர் வர்றார். இப்ப போய் தப்புன்னு சொன்னா என் மானம் போகும். விழா முடியட்டும், திங்கக்கிழமை திருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சு பஸ் ஸ்டாண்டுகளுக்கு அனுப்பிக்கலாம்."

"சனிக்கிழமை லீவு ஆரம்பிக்குது சார். சனி, ஞாயிறு ரெண்டு நாள் இருக்கு."

"ரெண்டு நாள்ல உங்க ஊருக்கு அப்படியே கூட்டம் அலைமோதிடுமோ?" சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கையெழுத்து யாருதும்மா? உன்னுது. ஒப்பந்தத்துல இருக்கிற பொண்ணு, அடுத்த மாசம் புதுப்பிக்கணும். நீயே உன் தப்பைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்குப் போகணுமா? யோசி."

அவள் யோசித்தாள். படிக்கட்டில் இறங்கும் வரைதான் யோசித்தாள். ஆள் வரமாட்டான் என்றுதானே அரைப் பக்கம் கொடுத்தார்கள். வருகிறவன் செத்தாலும் பரவாயில்லை என்றுதானே முழுப் பக்கம் கொடுத்தார்கள்? பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தாள்.

*

அச்சகம் நகரத்தின் பழைய பகுதியில், இரும்புக் கடைகளுக்கு நடுவில் இருந்தது. உள்ளே மையும் பசையும் கலந்த வாடை. ஒரு நீள மேசையில் ஆறு பெண்கள் புத்தகங்களை எண்ணி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது. மணி இரண்டு பத்து.

ஃபோர்மேன் ஐம்பது வயது மனிதர், காதில் பென்சில், மூக்கு நுனியில் கண்ணாடி. அவள் மூச்சு வாங்கச் சொன்னதை எல்லாம் கேட்டார். கடைசிப் பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நீச்சல்காரனைப் பார்த்தார்.

"ஆளு குஷியாத்தான் இருக்கான்."

"அண்ணே, விளையாடாதீங்க. அந்தத் தாளை மட்டும் கிழிச்சிட முடியாதா?"

"கிழிக்கலாம் தங்கச்சி. நடுவுல பின் அடிச்ச புக்கு இது. கடைசித் தாளைக் கிழிச்சா முதல் தாளும் கையோட வந்துடும். முதல் தாள்ல யாரு?"

முதல் தாளில் சிறப்பு விருந்தினர், பாதிப் பக்கத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மேல ஒரு ஸ்டிக்கர்?"

"அடிச்சு, காய வெச்சு, வெட்டி, ஒட்டி... நாளைக்கு மத்தியானம். லாரி அஞ்சு மணிக்கு."

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி திரும்பினாள். "மையால அழிச்சுட்டா?"

"ஆறாயிரம் அழிக்கறதுக்குள்ள உன் பேத்திக்குக் கல்யாணம் ஆயிடும்," என்றார் ஃபோர்மேன். பிறகு புத்தகத்தை மூடினார், அடிப்பக்க ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். "ஒரு வழி இருக்கு. உனக்குப் பிடிக்காது."

"சொல்லுங்க."

"குட்டிப் படமெல்லாம் அடி ஓரத்துல ஒரே வரிசை. கட்டிங் மெஷின்ல கட்டுக் கட்டா வெச்சு ஒரு விரல் அகலம் இறக்கிட்டா, ரெண்டு மணி நேர வேலை. ஆனா எல்லா மாவட்டத்துப் படமும் போயிடும். பக்க நம்பரும் போயிடும்."

எல்லாப் படமும். அம்மா படிக்கிற மாதிரி அந்தப் புத்தகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

"வேற வழியே இல்லையாண்ணே?"

"இருந்தா சொல்லமாட்டேனா?"

மேசையில் இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். எங்கேயோ ஒரு மெஷின் தட்தட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. தன் நெஞ்சு என்றுதான் முதலில் நினைத்தாள்.

"வெட்டுங்க."

"நான் வெட்டறதுக்கு எழுத்துல வேணும். பிரிண்ட் ஆர்டர்ல கையெழுத்து போட்டவங்க அதே பேப்பர்ல எழுதித் தரணும். எங்க முதலாளி சொன்னாக்கூட அது இல்லாம பிளேடை இறக்கமாட்டேன். உங்க ஆபீசர்கிட்ட வாங்கிட்டு வா."

"போட்டது அவர் இல்லண்ணே," என்றாள். "நான்."

ஃபோர்மேன் கோப்பைப் பிரித்தார். வால், வாலுக்கு அடியில் இரண்டு புள்ளி. அதை ஒரு முறை, அவளை ஒரு முறை பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, வேண்டாம் என்று பேனாவைக் கொடுத்தார்.

'கடைசிப் பக்கத்தில் தவறு உள்ளது. நான் கவனிக்கவில்லை. எல்லாப் பிரதிகளிலும் அடியில் ஒரு விரல் அகலம் வெட்டவும்.' இந்த முறை வால் வரவில்லை. கடைசி எழுத்து ஒடிந்த குச்சி மாதிரி நின்றது.

கட்டிய பெட்டிகளை எல்லாம் அக்காமார்கள் பிரித்தார்கள். அவளும் பிரித்தாள். நகம் ஒன்று ஒடிந்தது. பிளேடு ஒரு முறை இறங்கினால் ஐம்பது புத்தகம். வெட்டுப்பட்ட சீவல்கள் நாடா நாடாவாகக் கீழே விழுந்தன: படகு, கேமரா, கரண்டி, குடை, நீச்சல்காரன், மறுபடியும் நீச்சல்காரன். எட்டாவது மாவட்டத்தில் பிழையில்லாமல் நீந்திக்கொண்டிருந்தவனும் அவனோடு போனான்.

வெட்டு நடக்கிற சேதி எப்படியோ ஆபீஸுக்கு எட்டிவிட்டது; மூன்றரைக்கு அவள் போன் அடித்தது. துணை இயக்குநர். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. ஆறு முறை எண்ணினாள். ஏழாவது முறை அடித்தது ஃபோர்மேனின் போன்.

அவள் கையில் இருந்த பெட்டி அப்படியே நின்றது. மெஷின்காரர் பிளேடைப் பாதியில் நிறுத்தினார். ஃபோர்மேன் போனை எட்டத்தில் பிடித்துக்கொண்டதால் எல்லாருக்கும் கேட்டது.

"யாரைக் கேட்டுய்யா வெட்டறீங்க? உடனே நிறுத்துங்க!"

"நிறுத்திடலாம் சார்," என்றார் ஃபோர்மேன், வெண்ணெய் மாதிரி. "கையெழுத்து போட்ட மேடம் எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்களும் ஒரு வரி எழுதிக் குடுங்க: 'படம் இருக்கட்டும், வெட்ட வேண்டாம்'னு. உங்க பேர் போட்டு, தேதி போட்டு. அடுத்த நிமிஷம் நிறுத்தறேன்."

அவள் கண் பிளேடின் மேலேயே இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டால்? ஒரு வரிதானே. எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

"எனக்கு முதுகு வலி," என்றார் துணை இயக்குநர் கடைசியில். "நான் அப்புறம் பேசறேன்."

போன் வைக்கப்பட்டது. ஃபோர்மேன் மெஷின்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிளேடு இறங்கியது.

*

விழாவில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. சிறப்பு விருந்தினர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார், கேமராக்காரர்கள் எடுத்தார்கள், 'கைக்கு அடக்கமாக இருக்கிறது' என்று ஒருவர் பாராட்டக்கூடச் செய்தார். துணை இயக்குநர் மட்டும் கவனித்தார். உப்பள மாவட்டம் அவருடைய சொந்த ஊர். அதன் முடிவு வரிகளைத் தானே எழுதி, இடம் போதாமல் படங்களின் வரிசை வரைக்கும் இறக்கியிருந்தார். 'வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்குளிரக் காண வேண்டிய' என்பதோடு அவர் ஊர் முடிந்துபோயிருந்தது. என்ன காண வேண்டும் என்பது அச்சகத்துக் குப்பையில் கிடந்தது.

"திங்கக்கிழமை காலைல என் ரூமுக்கு வா," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வர்றேன் சார்."

அவள் பயந்தாள், பொய் சொல்வானேன். அடுத்த மாதம் வேலை இருக்காது. ஆனாலும் நீச்சல்காரன் போய்விட்டான் என்று அன்று நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினாள். ஏழரைக்கு ஒரு நிறுத்தத்தில் ஒரு குடும்பம் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தது. அப்பா, அம்மா, ஏழு எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தையின் கழுத்தில் காற்று ஊதிய சிவப்பு டியூப். இப்போதே மாட்டிக்கொண்டிருந்தது.

"கழட்டுடி, கடல் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு," என்றாள் அதன் அம்மா.

"வந்தப்புறம் மாட்டினா லேட் ஆயிடும்."

குழந்தையின் அப்பா கையில் புத்தகம் இருந்தது. குட்டையான புத்தகம். கடைசிப் பக்கத்தைப் பிரித்து மனைவிக்கு உரக்கப் படித்தார்:

"'ஆறும் கடலும் தோள்மேல் கை போட்டுக்கொள்ளும் இடம் இது. திட்டின் ஓரத்தில் நின்றால் தண்ணீர் காலைத் தொட்டு, வா என்று கூப்பிடும். போகாமல் இருக்க முடியாது.' அடேங்கப்பா, எழுதினவன் ரசிச்சு எழுதியிருக்கான்யா. வளைகுடாவுக்கு அடுத்த தடவை போலாம். இங்க போவோம்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் வரி. எழுதிய அன்று நாலு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட வரி. அதற்கு அடுத்துத்தான் 'இறங்கவே கூடாது' என்பது இருந்தது. அடித்தபோது சரி சார் என்றாள். நீச்சல்காரனை வெட்டிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினாளே, நீச்சல்காரன் என்ன பெரிய ஆள்? பொட்டு. கையைப் பிடித்துத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போவது இவள் எழுத்து.

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அங்க போங்க. பாருங்க. ஆனா தண்ணில மட்டும் எறங்காதீங்க. கால் கூட வெக்காதீங்க."

அவர் திரும்பினார். "ஏம்மா? புக்குல அப்படி ஒண்ணும் போடலையே?"

"போட்டிருந்தேன். அப்புறம் எடுத்துட்டாங்க. எடுக்கும்போது நான் பேசாம நின்னேன்."

"நீயா?"

"இந்தப் பக்கத்தை எழுதினது நான்தாண்ணே. நாலு வருஷம் முன்னால மூணு பேர் செத்திருக்காங்க அங்க. முழங்கால் தண்ணி மாதிரித்தான் இருக்கும். அடுத்த அடி இருக்காது."

குழந்தை டியூபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. குழந்தையின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். நம்பலாமா, கிறுக்கா என்று எடைபோடுகிற பார்வை.

"நல்லா இருக்கு கூத்து," என்றாள். "வான்னு எழுதினதும் நீ, வராதேங்கிறதும் நீ."

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "புக்கைக் கொஞ்சம் குடுங்கண்ணே." கடைசிப் பக்கத்தில், திட்டின் படத்துக்கு மேலேயே, ஒரு வட்டம் போட்டாள். உள்ளே கை வீசும் ஓர் ஆள், கோணல் மாணலாக. அவன் மேல் குறுக்கே அழுத்தி ஒரு கோடு. பேனா தாளைக் கிழித்தது.

குழந்தை எட்டிப் பார்த்தது. "நீந்தக் கூடாது," என்றது உடனே. அந்தப் பக்கத்தில் அது இன்னும் ஒரு எழுத்துகூடப் படித்திருக்கவில்லை.

பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. அதிலும் ஒரு குட்டைப் புத்தகம். "எனக்கும் போட்டுக் குடும்மா."

*

ஊர் பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பக்கத்தில் புத்தகம் அடுக்கியிருந்தது. அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை, கடைசியிலிருந்து முதல் வரை.

"படமெல்லாம் எங்கடி?"

"வெட்டிட்டேன்மா."

"எல்லாத்தையுமா? அப்ப நான் எதைப் படிக்கிறது?"

அவள் நடந்ததைச் சொன்னாள். வேலை போகலாம் என்பதையும் சொன்னாள். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா விசாரணை ஜன்னலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை அறுத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எப்படிப் போடணும், காட்டு."

வட்டம். ஆள். கோடு. அம்மாவின் ஆள் குண்டாக வந்தான், கை மூன்று இருந்தது. கோடு மட்டும் தெளிவாக விழுந்தது.

"எத்தனை புக்குடி இருக்கு இங்க?"

"அறுநூறு."

"காலைலேர்ந்து எத்தனை போயிருக்கும்?"

அவளுக்குத் தெரியவில்லை. அடுக்கின் மேல்பகுதி ஏற்கெனவே குறைந்திருந்தது. மற்ற எட்டு பஸ் நிலையங்களிலும் இதே நேரம் இதே மாதிரி குறைந்துகொண்டிருக்கும். அப்பாவின் எண்ணை அழுத்தினாள். அம்மாவின் இடுப்பில் மணி அடித்தது. அப்பா இன்றைக்கும் போனை எடுத்துக்கொண்டு போகவில்லை.

வெளியே, படகுத்துறைக்குப் போகும் சாலையில், சிவப்பு டியூப் போட்ட குழந்தை அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. அம்மா புத்தகங்களை மடியில் வாரிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பேனாவை அம்மாவிடமே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்பாவின் படகு கிளம்புவதற்குள் சொல்லிவிட, துறையைப் பார்த்து ஓடத் தொடங்கினாள்.